வெயில் மயக்கம்

"ஏட்டி, முட்டுல என்ன ரத்தம்?" என்று இசக்கி கேட்டாள்.

கேட்டதோடு விடவில்லை. கையிலிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து ஜெசிந்தாவின் முட்டியை ஊதவும் ஊதினாள். முதலுதவிக் கூடாரத்திலிருந்து இந்த வேப்பமரம் வரைக்கும் நொண்டி நொண்டி வந்த வழியெல்லாம் ஜெசிந்தா மனசுக்குள் ஒரு பெரிய சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். உன் கை எங்கட்டி போச்சு, ஒரு வருஷம் பழகினது எல்லாம் எங்க போச்சு, என் முகத்தில் கரியைப் பூசிட்டியே என்று வரிசையாக வைத்திருந்தாள். சண்டை போடுவதற்கு எதிராளி என்று ஒருத்தி வேண்டாமா? எதிரே உட்கார்ந்திருந்தவள் முகத்தில் தப்பு செய்த சாயலே இல்லை.

"விழுந்துட்டேன்," என்றாள் ஜெசிந்தா.

"பாத்து ஓடப்பிடாதா. எனக்கும் மயக்கம் வந்துட்டாம் பிள்ள. வெயிலு. அமுதவல்லி அக்கா சொன்னாவ. ரேஸ் என்னாச்சு?"

ரேஸ் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. நான்கு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் தொடர் ஓட்டம். மூன்றாவதாக ஓடுகிறவள் ஜெசிந்தா, அவளிடமிருந்து பேட்டன் என்ற குச்சியை வாங்கிக்கொண்டு கடைசி நூறு மீட்டர் ஓடுகிறவள் இசக்கி. வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் போய்விடும். கொடுக்கிறவள் நெருங்கி வந்து "கை" என்று ஒரு கத்து கத்துவாள், வாங்குகிறவள் பின்னால் கையை நீட்டுவாள். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு இசக்கியின் கை வரவில்லை. வந்தபோது பேட்டன் அதில் பட்டுத் தெறித்து விழுந்தது, அதை மிதித்து ஜெசிந்தாவும் விழுந்தாள். மைதானமே பார்த்தது. பார்க்காதது போல் இப்போது மோர் குடித்துக்கொண்டிருந்தவள் இசக்கி ஒருத்திதான்.

அவளைத் துடைத்துவிட்டார்கள் என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த அந்த மகளிர் விளையாட்டு விடுதியில் "துடைக்கிறது" என்றால் தரையைத் துடைப்பதில்லை. அரசாங்கக் காகிதங்களில் அதற்குப் பதற்ற நீக்கச் சிகிச்சை என்று கம்பீரமான பெயர் உண்டு. போட்டியில் தப்பு செய்துவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி ஆறு நிமிடம் படுக்க வைத்தால், தப்பு நடந்ததே அவள் நினைவில் இருக்காது. அடுத்த போட்டிக்குப் பயமில்லாமல் போய் நிற்பாள். கண் விழிக்கிறவளிடம் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாய் என்று சொல்லிவிடுவார்கள். எல்லாப் பழியையும் வெயில் தலையில் போடுவது வசதி, வெயில் கோபித்துக்கொள்ளாது. துடைத்ததைப் பற்றி யாரும் அந்தப் பிள்ளையிடம் மூச்சுவிடக் கூடாது என்பது விடுதியின் முதல் விதி. மீறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"நீ மயங்கி விழுந்துட்டல்லா, அதான் போச்சு," என்றாள் ஜெசிந்தா. விதி விதிதானே.

"அடப்பாவமே. உன் ஓட்டத்தையும் கெடுத்துட்டேனா?" என்று இசக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது. கையை உருவிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டாள்.

விடுதி அணிக்கு மாநிலப் போட்டியில் நேரடி இடம் இருந்ததால் மானம் தப்பியது. அது நடக்கும் திருச்சிக்குப் போக மூன்று வாரம் இருந்தது. ஆனால் மறுநாளிலிருந்து ஜெசிந்தாவின் கால்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எண்பது மீட்டர் வரை பறப்பாள். இசக்கியின் முதுகு தெரிந்ததும் வேகம் தானாகக் குறையும். அந்தக் கை வருமா வராதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று உடம்பு தயங்கும். அந்தத் தயக்கத்தில் அரை நொடி போய்விடும். இசக்கிக்குக் காரணம் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே, "பரவால்ல பிள்ள, இன்னொரு மட்டம் வா," என்பாள். அவள் அப்படிச் சிரிக்கச் சிரிக்க ஜெசிந்தாவுக்கு எரிச்சல் ஏறும். தப்பு செய்தவள் நிம்மதியாகத் தூங்குகிறாள், நான் அவள் தப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடுகிறேன் என்று நினைப்பாள். நினைத்ததற்காகப் பிறகு வருத்தப்படுவாள்.

பத்தாம் நாள் பயிற்சியாளர் டேனியல்ராஜ் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுருட்டினார். அவர் விசிலைச் சுருட்டினால் முடிவு எடுத்துவிட்டார் என்று பொருள்.

"ஜெசிந்தா, சனிக்கிழம வரைக்கும் பாப்பேன். பத்து மட்டம் வரிசையா சுத்தமா பேட்டன் மாறணும். ஒண்ணு பிசகினாலும் உன் எடத்துல வேற பிள்ளதான் ஓடும். எனக்கும் மேல பதில் சொல்லணும்லா."

ஏழாம் வகுப்பிலிருந்து அந்த விடுதியில் இருக்கிறாள். உவரிக் கடற்கரை மணலில் அண்ணன்மாரோடு பந்தயம் விட்ட நாளிலிருந்து ஓட்டத்தைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. சார் போனபின் நேராகத் துடைப்பு அறைக்குப் போனாள்.

அமுதவல்லி அங்கே பட்டைகளைப் பஞ்சால் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். விடுதியில் பிள்ளைகளை அதட்டாத ஒரே ஆள்.

"அக்கா, எனக்கும் துடைச்சு விடுங்க."

"என்னத்த?"

"அன்னைக்கு இசக்கி பேட்டன விட்டத. அவளுக்கு மட்டும் போயிட்டு. எனக்கு அப்பிடியே இருக்கு."

அமுதவல்லி பஞ்சைக் கீழே வைத்தாள். "முடியாதும்மா. ஒரு விஷயம் நடந்த உடனே மண்டைக்குள்ள அது ஈரமாத்தான் கெடக்கும், பூசின சிமெண்டு கணக்கா. நாப்பது நிமிஷத்துல இறுகிரும். ஈரமா இருக்கும்போதுதான் வழிச்சு எடுக்க முடியும். உனக்குப் பத்து நாளாச்சே."

"அந்தத் தப்பு மட்டும் போதும்க்கா. சின்னதுதான்."

"தப்ப மட்டும் பொறுக்கி எடுக்கிற மாதிரி மெஷின் இன்னும் வரல. தப்புக்கு ஒரு நிமிஷம் முன்னால இருந்து, கட்டில்ல படுக்கிற நேரம் வரைக்கும் மொத்தமா போயிரும். நடுவுல யாரு வந்தா, என்ன சொன்னா, எல்லாம் போயிரும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "இசக்கி வேண்டாம்னுதாம்மா சொன்னா. ஜெசிந்தாவப் பாக்கணும், அவளுக்கு அடி பட்டிருக்கு, விடுங்கன்னு அழுதா. நீ கட்டுப் போடப் போயிருந்த. சாருக்குத்தான் பொறுக்கல. சேக்கும்போதே வீட்டுல கையெழுத்து வாங்கிருதாவல்லா. நானும் கட்டிவிட்டேன்."

ஜெசிந்தா சுமந்துகொண்டு திரிந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கழன்று விழுந்துவிட்டது.

"அவகிட்ட நான் சொல்லிரட்டுமாக்கா?"

"சொன்னா என்ன ஆவும்னு உனக்கே தெரியும்." அமுதவல்லி மறுபடியும் பஞ்சை எடுத்துக்கொண்டாள். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நீ இப்ப கேட்டது எதுவும் விழல."

வெள்ளிக்கிழமை மத்தியானம் துணி துவைக்கும் நேரம். விடுதிக்குப் பின்னால் இருந்த கல்லில் இசக்கி பனியனை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லில் ஜெசிந்தா சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். சொன்னால் விடுதி போகலாம். சொல்லாவிட்டால் நாளைக்கு ஓட்டம் போகப்போவது நிச்சயம். இசக்கியின் சிநேகமும் கூடவே போய்விடும், ஏனென்றால் இவளைப் பார்க்கப் பார்க்க மனசு கசந்துகொண்டே வருகிறது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"உனக்கு அன்னைக்கு மயக்கம் வரல," என்றாள்.

துவைக்கும் சத்தம் நின்றது. ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள், கை வராதது, பேட்டன் தெறித்தது, தான் விழுந்தது, பத்து நாளாக அவளைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. சொல்லி முடித்துவிட்டு, இசக்கி அழுவாள் என்று காத்திருந்தாள். இசக்கி அழவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப அங்க சத்தமா இருந்துச்சா?"

"கோயில் கொடை நடந்துச்சுல்லா, மைதானத்துக்கு அடுத்த தெருவுல. அந்த நேரம் பாத்து நையாண்டி மேளம் போட்டு உடைச்சான். ஏன்?"

"அதான் உன் மூச்சு எனக்குக் கேட்டிருக்காது."

"மூச்சு எதுக்கு? நான்தான் 'கை'ன்னு கத்துனேனே."

இசக்கி அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "நீ கத்திருக்க மாட்ட பிள்ள. பயந்தா உனக்கு வாய் அடைச்சிரும். மனசுக்குள்ளதான் கத்துவ."

"யாரு சொன்னா?"

"போன வருஷம் கோவில்பட்டியில மயங்கி விழுந்தல்லா."

"அது நிஜமாவே வெயில்ட்டி. காலையில நான் சாப்பிடவேயில்ல."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஜெசிந்தாவின் முகம் மாறியது. விடுதியில் நாற்பத்தாறு பிள்ளைகள். ஒருதரமாவது வெயிலில் மயங்கி விழாத பிள்ளை அங்கே கிடையாது. மற்றவளுக்கு வந்த மயக்கம் என்ன மயக்கம் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். தனக்கு வந்தது மட்டும் அசல் வெயில் மயக்கம் என்று நாற்பத்தாறு பேரும் நம்பினார்கள். அதில் ஜெசிந்தாவும் ஒருத்தி, அவ்வளவுதான்.

"நான் சேந்து அப்ப ஒரு வாரம்தான் ஆவுது," என்றாள் இசக்கி. "உன் கூட பேசினது கூட இல்ல. நீ கத்தவேயில்ல. நான் சத்தத்துக்குக் காத்துக்கிட்டே ஓடிட்டேன், பேட்டன் மாத்துற கட்டத்துக்கு வெளிய மாறி நம்மள போட்டியில இருந்தே எடுத்துட்டாவ. வீடியோ போட்டுக் காட்டுனாவ. உன் உதடு அசையவேயில்ல. நீ தண்ணித் தொட்டிக்குப் பின்னால போய் உக்காந்து அழுத அழுக இருக்கே. நான் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். அர மணி நேரம். பொறவு நீயே அக்காகிட்ட போய், துடைச்சிருங்கன்னு கெஞ்சுன. எனக்கும் போடணும்னாவ. நான் ஒரு தப்பும் பண்ணல சார், எனக்கு எதுக்குன்னு ஓடிட்டேன்."

"ஒரு வருஷமா நீ சொல்லவேயில்ல."

"விதி இருக்குல்லா. அதுவுமில்லாம அப்பிடி அழுதவள மறுபடியும் அழ வைக்க மனசு வரல. சரி, இவ கத்தாட்டா என்ன, பின்னால வார மூச்ச வச்சு நாம கைய நீட்டுவோம்னு பழகிக்கிட்டேன். மேளம் வரும்னு யாரு கண்டா."

கோவில்பட்டிப் போட்டிக்கு மறுநாள் காலை ஜெசிந்தாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முன்பின் பழகாத இந்தப் பெண் சாப்பாட்டுக் கூடத்தில் நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். ஜெசிந்தா அப்போது, இது என்ன ஒட்டிக்கொள்கிற ஜாதியாக இருக்கிறதே என்று நினைத்தாள். கொஞ்சம் தள்ளிக்கூட உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அவர்கள் முந்தின நாளே சிநேகிதிகள் ஆகியிருந்தார்கள். அது இவளுக்குத்தான் தெரியாமல் போயிருந்தது.

"அன்னைக்கு தொட்டிக்குப் பின்னால என்ன சொன்ன எங்கிட்ட?"

"ஓர்மயில்ல பிள்ள. என்னமோ சொன்னேன். நீ ஒரு மட்டம் சிரிச்ச."

அந்தச் சிரிப்பும் போய்விட்டதே என்று ஜெசிந்தா வருந்தினாள். பேட்டன் போனதற்குக்கூட அவள் அப்படி வருந்தவில்லை.

சனிக்கிழமை முதல் ஓட்டத்தில் அவள் போட்ட கத்தலில் வேலியில் இருந்த காகங்கள் எழுந்து பறந்தன. டேனியல்ராஜ் திடுக்கிட்டுத் திரும்பினார். பத்து முறையும் பேட்டன் சுத்தமாக மாறியது. என்னட்டி செஞ்சிய ரெண்டு பேரும் என்று அவர் கேட்டார். இரண்டு பேரும் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

திருச்சியில் இறுதிப் போட்டி. முதல் ஆளாகப் பேச்சியம்மாள் ஓடினாள், இரண்டாவதாக ஷமீமா. ஜெசிந்தா பேட்டனை வாங்கும்போது அவர்கள் நான்காவது இடத்தில் இருந்தார்கள். வளைவில் ஒருத்தியை முந்தினாள். இசக்கியின் முதுகு தெரிந்தது. பயமும் வந்தது, வராமல் என்ன. ஆனால் இந்தப் பயத்தை அவளுக்கு இப்போது அடையாளம் தெரிந்திருந்தது. வாயை அகலமாகத் திறந்து கத்தினாள். கை வந்தது. பேட்டன் அதில் போய்ப் பதிந்தது. இசக்கி பாய்ந்து போனாள், மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு.

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளும் பின்னாலேயே ஓடினாள், கையைத் தட்டிக்கொண்டு, அவள் பெயரைக் கூவிக்கொண்டு. பேட்டனைக் கொடுத்தவள் தன் பாதையிலேயே நிற்க வேண்டும், மற்ற எல்லாரும் கடந்து போகும்வரை அசையக் கூடாது. ஆறு வருஷமாக ஓடுகிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நேரம் மறந்துபோய்க் கோட்டைத் தாண்டிவிட்டாள். அடுத்த பாதையில் பின்தங்கி வந்துகொண்டிருந்த சேலத்துப் பெண் இவள் மேல் மோதித் தடுமாறினாள். நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கினார்.

இரண்டாவதாக வந்த அணியை நீக்கிவிட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஜெசிந்தா பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்த இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பயத்தில் செய்த தப்பு என்றாலாவது ஒரு நியாயம் சொல்லலாம். சந்தோஷத்தில் செய்த தப்புக்கு என்ன சொல்ல? நான்கு பேரின் வெள்ளிப் பதக்கம். ஷமீமா வந்தாள். "உன்னக் கொல்லணும் போல இருக்கு," என்று சொல்லிவிட்டு, நாலடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பேச்சியம்மாள் வரவேயில்லை. இசக்கி வந்தாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. ஒட்டி உட்கார்ந்து, வியர்வையில் ஊறிய தோளை இவள் தோளில் சாய்த்தாள்.

"அக்காவக் கூப்பிடு," என்றாள் ஜெசிந்தா. "எனக்கு இது வேண்டாம். இத வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது. கூப்பிடுட்டி."

"கூப்பிடுதேன். நீ கேட்டா கூப்பிடத்தான் செய்வேன்," என்று இசக்கி எழுந்தாள்.

எழுந்தவளின் கையை ஜெசிந்தா பிடித்தாள்.

"இதும் போயிருமா?"

"எது?"

"நீ இப்ப வந்து உக்காந்தது."

"போயிரும் பிள்ள. போன மட்டமும் போயிட்டுல்லா."

ஜெசிந்தா அந்தக் கையை விடவில்லை. அப்படியே இழுத்து மறுபடியும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

டேனியல்ராஜ் அமுதவல்லியைக் கூட்டிக்கொண்டு வேகமாக வந்தார். "இங்கியா இருக்க? வா வா, இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கப் போறாவ, இந்த நெனப்போட நீ நிக்க முடியாது."

"வேண்டாம் சார்."

"நீ சின்னப்பிள்ள, உனக்குத் தெரியாது. உங்க வீட்டுல கையெழுத்து போட்டிருக்காவ. அமுதா, பட்டைய எடு."

அமுதவல்லி படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒருத்தி கையை ஒருத்தி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பையைத் திறந்து பட்டையை எடுத்தவள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார்ஜ் இல்ல சார்," என்றாள்.

"என்னது?"

"நேத்து பஸ்சுல போட மறந்துட்டேன்."

பட்டையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து அவள் மறைத்திருந்தது கீழே உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் தெரிந்தது. உன்னை நம்பி இவ்வளவு தூரம் வந்தேன் பாரு என்று தலையில் அடித்துக்கொண்டு டேனியல்ராஜ் சார்ஜர் தேடி ஓடினார். அமுதவல்லி ஓடவில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா அழுதாள். வெட்கம் சுட்டது. இசக்கி ஏதேதோ பேசினாள். சேலத்துப் பிள்ளை ரொம்ப நல்ல பிள்ளை, போய் மன்னிப்பு கேட்போம் என்றாள். நீ என் பெயரைக் கூவினது கோட்டுக்குப் பக்கத்தில் வரும்போது காதில் விழுந்தது, அதில்தான் முன்னால் போனவளை முந்தினேன் என்றாள். அப்படி ஒரு கூவல் எங்க ஊர் மீன்காரிகூடக் கூவ மாட்டாள் என்றாள். ஜெசிந்தாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஷமீமாவின் தோளும் குலுங்கியது.

"நாப்பத்தி ரெண்டு நிமிஷம்," என்றாள் அமுதவல்லி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இறுகிட்டு பிள்ள," என்றாள் இசக்கி. "இனி யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. எந்திரி, சோறு தீந்துரும்."

ஷமீமா அதற்கு முன்பே எழுந்து போயிருந்தாள். ஜெசிந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பந்தலுக்கு வந்தபோது அவள் பேச்சியம்மாளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இவளைப் பார்த்து இன்னும் முறைத்தாள். ஆனால் அவள் கையில் நான்கு தட்டுகள் இருந்தன.